தரை தொடாமல் வந்த சுனைத் தண்ணீர்

புரட்டாசி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். எங்கள் ஊரிலிருந்து தேவாரம் மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து அடிவாரம் நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். அதற்கு மேல் சக்கரம் போகாது. மலை முகட்டில் கேரள எல்லையில் இருக்கிற சாக்குலூத்து மெட்டுக்குப் போகும் பழைய நடைபாதை ஒன்றுதான் உண்டு. மெட்டு வரைக்கும் எட்டு கிலோமீட்டர் என்பார்கள். ஏறுகிறவருக்கு அது பதினாறு மாதிரி இருக்கும். எனக்குப் பத்து மாதிரி இருக்கும்.

நாங்கள் மூன்று பேர். நான், என் நாத்தனார் ஒச்சம்மாள், காவலுக்கு வந்த வனத்துறை வாட்சர் கருப்பையா. எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒச்சம்மாளுக்கு அறுபத்திரண்டு, ஆனால் முழங்காலுக்கு மட்டும் எண்பது. காட்டுக்குள் போக முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் நேரமெல்லாம் ஒச்சம்மாள் தன் செல்போனில் பார்த்துச் சொன்னது. தப்பிருந்தால் அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

நாங்கள் மலையேறுவது வேடிக்கை பார்க்க இல்லை. அன்று சாயங்காலம் ஊரில் அம்மனுக்குப் பொங்கல். விளக்கு வைக்கிற நேரத்தில், மலைமேல் இருக்கிற சுனையின் தண்ணீரை அம்மன் பானையில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகுதான் மற்ற வீட்டுப் பானைகளுக்கு அடுப்புப் பற்றவைப்பார்கள். தண்ணீர் வராவிட்டால் அந்த வருஷம் பொங்கல் கிடையாது, அடுத்த புரட்டாசிதான். குடத்துக்குச் சட்டம் இரண்டு. சுனையில் முகந்தபிறகு கோயிலில் இறக்கும்வரை குடம் தரையில் படக் கூடாது. காப்புக் கட்டிய எங்கள் வீட்டுப் பெண்களின் கையைத் தவிர வேறு கை அதைத் தொடக் கூடாது. முதல் சட்டம் அம்மனுடையது. இரண்டாவது எங்கள் குடும்பத்தின் உரிமை, என் மாமியார் காலத்திலிருந்து வருவது. நான் குடம் எடுக்க ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

காப்புக் கட்டினால் செருப்புப் போடக் கூடாது. ஆகவே வெறுங்கால். மூன்று நாள் மழையில் கல்லெல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. கருப்பையா ஆரம்பத்திலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆத்தா, மூணு நாளா மலை தண்ணியாக் குடிச்சிருக்கு. மண்ணு ஊறிக் கெடக்கு. இந்த ஒரு வருசம் பைப்புத் தண்ணியப் புடிச்சு ஊத்துனா என்ன?"

"ஒனக்கு ரேசன்ல அரிசிக்குப் பதிலாத் தவிடு போட்டா வாங்கிக்கிருவியா?"

"அதுக்கில்ல ஆத்தா."

"அதுக்கில்லேன்னா நட."

ஏழு மணி வரைக்கும் முள்ளுக்காடு. இடது பக்கம் ஓடை இரைகிற சத்தம். மற்ற வருஷங்களில் அதில் கால் நனையும், இந்த முறை இடுப்பு நனையும். எட்டு மணிக்கு மேல் பெரிய மரங்கள் வந்துவிட்டன. வெயில் உள்ளே வராது, அட்டை வரும். ஒச்சம்மாள் உப்பைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். பத்தடிக்கு ஒரு தடவை குனிந்து காலில் ஒற்றிக்கொண்டாள்.

"மதினி, ஒங்க காலுல ஒண்ணுகூட ஏறலையே, எப்பிடி?"

"எங்கிட்ட ரத்தம் கேக்க அதுக்குப் பயம்."

எட்டரைக்கு ஒரு பாறையில் உட்கார்ந்தோம். மேகம் கொஞ்சம் விலகியது. போகாதவர்களுக்காக அந்த இடத்தைச் சொல்கிறேன். கீழே தென்னந்தோப்புகள் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கும். காற்றாலைகள் வெள்ளை வெள்ளையாக நிற்கும், கையை நீட்டினால் ஒன்றைப் பிடுங்கிவிடலாம் போலிருக்கும். சின்னமனூர்ப் பக்கம் வாழையும் வயலும். எதிரே கிழக்கில் மேகமலை. நம் ஊர் எது என்று தேடினால் கிடைக்காது. தினமும் சண்டை போடுகிற தெருக்குழாய், வாய்க்கால் வரப்பு எல்லாம் அந்தப் பச்சைக்குள் எங்கேயோ இருக்கிறது. இட்லி ஆளுக்கு மூன்று, மிளகாய்ப் பொடியோடு தின்றோம்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுனைக்கு வந்துவிட்டோம். மெட்டுக்குச் சற்றுக் கீழே, பாறை இடுக்கில், முறத்தின் அகலம்தான். எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எட்டு லிட்டர் பித்தளைக் குடத்தில் தண்ணீர் முகந்தேன். அதன் வாயில் வேப்பிலை சொருகி மஞ்சள் துணியால் கட்டித் தலையில் ஏற்றினோம். அந்த நேரத்தில் மழை பிடித்தது.

பத்து இருபதுக்கு இறங்க ஆரம்பித்தோம். அரைமணி நேரம் போயிருக்கும். முன்னால் போன கருப்பையா கையைத் தூக்கி நின்றான். லாரி ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் நிற்காத சத்தம். புது மண்ணின் வாசம் குப்பென்று வந்தது. எங்களுக்குக் கீழே நூறடி தூரத்தில் மரங்கள் நகர்ந்தன. அவை விழவில்லை, நின்றபடியே கீழே நடந்து போயின. நாங்கள் இறங்க வேண்டிய பாதையும் அவற்றோடு போயிற்று.

"கொடத்தப் போட்டுட்டு மேல ஓடியாங்க ஆத்தா," என்று கருப்பையா கத்தினான்.

ஓடினேன், குடத்தோடுதான். ஒச்சம்மாள் எனக்கு முன்னால் ஓடினாள். எண்பது வயது முழங்கால் எங்கே போனது என்று தெரியவில்லை. பாறை மேட்டில் ஏறி நின்ற பிறகு கேட்டேன்.

"என்னைய விட்டுட்டு ஓடுறியே, நாத்தனாரே."

"விட்டுட்டா ஓடுனேன்? கொடத்த வாங்கத் தோதா ஒரு எடம் பாத்து நிக்கணும்ல மதினி?"

மூன்று பேரும் சிரித்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கருப்பையா கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அறுபதடி அகலத்துக்குப் பாதை இல்லை, செம்மண் சேறு இன்னும் வழிந்துகொண்டிருக்கிறது என்றான்.

"இனி இங்கிட்டு எறங்க முடியாது. மேல மெட்டுக்குப் போயி, கேரளாப் பக்கம் எறங்கி, ஜீப்பு புடிச்சு, போடிமெட்டுச் சுத்தித்தான் போகணும்."

நேராக இறங்கினால் எட்டு கிலோமீட்டர். சுற்றினால் போடி வரைக்கும் அறுபதுக்கு மேல், போடியிலிருந்து தேவாரம் இன்னும் பதினாறு. ஊரில் விளக்கு வைப்பது ஆறேகாலுக்கு. குடத்தை ஒச்சம்மாள் தலைக்கு மாற்றினேன். மறுபடி மேலே ஏறினோம்.

பன்னிரண்டு பத்துக்கு ஏலத்தோட்டத்து ஓரமாகத் தார் ரோட்டைத் தொட்டோம். செல்போனுக்கு அங்கேதான் உயிர் வந்தது. பூசாரி சின்னச்சாமியைக் கூப்பிட்டேன். எனக்குக் கொழுந்தன் முறை.

"கொழுந்தனாரே, பாதை போச்சு. ஜீப்புல வந்தா அம்மன் ஏத்துக்கிருமா?"

"நடந்துதான் வரணும்னு யாரும் சொல்லல மதினி. தரையில படாம வரணும்னுதான் பெரியவுக சொன்னாக. நீங்க ரெண்டு பேரும் நல்லாருக்கீகளா?"

"எங்களுக்கென்ன?"

"அப்ப வாங்க. இங்கன நாப்பத்திரண்டு பானை வரிசையா இருக்கு. பொம்பளைக விரதத்தோட ஒக்காந்திருக்காக."

கருப்பையா மண் சரிந்ததை ஆபீசுக்குச் சொல்ல அங்கேயே நின்றுகொண்டான். எங்களுக்கு ஜீப் பிடித்துக் கொடுத்தது அவன்தான். டிரைவர் பெயர் பைஜு, மலையாளி, முப்பது வயதிருக்கும். போடிக்கு மூவாயிரம் கேட்டான். இரண்டாயிரத்து இருநூறுக்கு இறங்கினான். பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம்.

ஜீப்பில் ஏறியதும் ஒரு சந்தேகம் வந்தது. ஜீப்பின் தரை தரையா, இல்லையா? ஒச்சம்மாள் இல்லை என்றாள். மண்ணில் படாவிட்டால் தரை இல்லையாம். ஆனால் அதில் முப்பது பேர் மிதித்த மண் இருந்தது. நான் குடத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அம்மச்சி, அது தாழெ வச்சோ. ஒரு கொழப்பமும் இல்ல," என்றான் பைஜு.

"கொழப்பம் இருக்கு தம்பி. நீ ரோட்டப் பாரு."

"அதில எந்தா, தேனா?"

"தண்ணி."

அவன் ரோட்டைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான், மறுபடி ரோட்டைப் பார்த்தான். "வெளியில இத்தர மழை பெய்யுது, அம்மச்சி தண்ணிய மடியில வச்சிருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அதன்பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் மெதுவாக இறக்கி ஏற்றினான். உடும்பன்சோலை, பூப்பாறை என்று ஊர்கள் போயின. தேயிலைச் சரிவுகள், மஞ்சு, சாலை ஓரத்தில் சிறு சிறு மண்சரிவுகள். என் தொடை இரண்டும் மரத்துப் போயிருந்தன. குடத்தை ஒச்சம்மாள் மடிக்கு மாற்றினோம். அவள் மடி நல்ல அகலம், அதை அன்றுதான் மெச்சினேன்.

இரண்டரைக்குப் போடிமெட்டு. தேநீர் பதினைந்து ரூபாய், ஒருவர் பின் ஒருவராகக் குடித்தோம். அங்கிருந்து போடிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஐந்தாறு வளைவு இறங்கியிருப்போம். முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பாறையும் மண்ணுமாக ரோட்டில் சரிந்து கிடந்தது. நாற்பதடி நீளம், ஆள் உயரம். ஜேசிபி ஒன்று அந்தப் பக்கமிருந்து அள்ளிக்கொண்டிருந்தது. மேலிருந்து விழுவது நின்றுவிட்டது, வண்டி விட ராத்திரி ஆகிவிடும் என்றார்கள். மிஷினை நிறுத்தும்போது நடந்து போகிறவர்களை மட்டும் போலீஸ்காரர் விட்டார். தாண்டினால் அந்தப் பக்கம் போடி ஜீப்புகள் நிற்கின்றன.

மூன்று பத்துக்கு எங்கள் முறை. பைஜுவுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக் கற்குவியலில் ஏறினேன். மூன்றாவது அடியில் ஒரு கல் புரண்டது. முழங்கால் தட்டி, குடம் சாய்ந்து ஒரு கை அளவு தண்ணீர் சிந்தியது. குடம் தரையில் படவில்லை, நான்தான் பட்டேன். அந்தக் கற்களில் இரண்டு கையும் ஊன்றாமல் யாராலும் ஏற முடியாது. ஒச்சம்மாள் என்னைத் திரும்ப இழுத்து நிறுத்தினாள்.

"மதினி, நம்ம ரெண்டு பேரு கையி பத்தாது," என்றாள்.

எங்களுக்குப் பின்னால் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் நின்றார்கள். மழையென்று அவர்களைப் பாதி நாளில் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். பெயர் ஜெசிந்தா, தேவாரத்துக்குப் பக்கத்து ஊர்.

"கொடத்த இங்கிட்டுக் குடுங்க ஆத்தா. நாங்க வரிசையா நின்னு கை மாத்தி விட்டுர்றோம்."

"வேற கை படக் கூடாதுத்தா. எங்க வீட்டுக் கைதான் தொடணும்."

"நான் வேதக்காரிங்கிறதால சொல்றீகளா?"

"ஒன்னைய மட்டும் சொல்லல. எங்க ஊருக்காரியே ஆனாலும் இதான்."

"அத அம்மன் சொல்லுச்சா, நீங்க சொன்னீகளா?"

இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஊரில் நாற்பத்திரண்டு பானை வரிசையாக இருக்கிறது. அந்தப் பக்கம் ஜேசிபிக்காரன் டீ குடித்து முடிக்கப் போகிறான்.

"நாங்கதான் சொன்னோம்," என்றேன்.

"அப்பக் குடுங்க."

கொடுத்தேன். மற்றதையெல்லாம் ஜெசிந்தாதான் நடத்தினாள். ஒச்சம்மாளை முதலில் கை பிடித்துத் தாண்டவிட்டு அந்தப் பக்கம் நிற்கவைத்தாள். நடுவில் அவளையும் சேர்த்து ஒன்பது பெண்கள், கல்லுக்கு ஒருத்தியாக, காலை அகற்றி ஊன்றி நின்றார்கள். கைகளெல்லாம் ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்திருந்தன. குடம் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போனது. கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி, "புடிச்சிட்டியா?" என்று கேட்டு, "புடிச்சிட்டேன்" என்ற பிறகுதான் விட்டார்கள்.

"ஏ புள்ள, கீழ கீழ வச்சுராத. ஆத்தா போடி வரைக்கும் நம்மளப் பேசும்."

"எங்க மாமியாளுக்குக்கூட இம்புட்டு மரியாதையாக் கொடந் தூக்குனதில்ல."

"ஒங்க மாமியா கொடத்துல பாதி நீதான குடிப்ப."

அவர்கள் சிரிக்கச் சிரிக்க நான் குடம் மாறுகிற கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். குடம் ஒச்சம்மாள் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வண்டிகளில் காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். என்னை இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக் கடத்தினார்கள். என்னைத் தரையில் வைக்க யாரும் யோசிக்கவில்லை.

அந்தப் பக்கம் அவர்களுக்காக வந்து நின்ற ஜீப்பிலேயே எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். பதினான்கு பேரும் ஒரு குடமும். போடியில் இறங்கும்போது நாலு பதினைந்து. அவர்கள் ஜீப் ரேஷன் சாமான் ஏற்ற நின்றதால், நாங்கள் இருவரும் நாலரைக்குத் தேவாரம் போகிற டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். பெண்களுக்கு இலவசச் சீட்டு. கண்டக்டர் இளவட்டம், குறும்புக்காரர். குடத்தைக் காட்டி, "லக்கேஜுக்கு டிக்கெட் போடணுமே ஆத்தா," என்றார்.

"இது அம்மன்."

"அம்மன்னா பொம்பளதான். அப்ப ஃப்ரீ," என்று மூன்றாவது சீட்டையும் கிழித்து வேப்பிலையில் செருகிவிட்டுப் போனார். எதிர் இருக்கைக்காரர் எழுந்து இடம் கொடுத்தார், எனக்கா குடத்துக்கா என்று சொல்லவில்லை.

ஐந்தரைக்குத் தேவாரம். ஐந்தே முக்காலைத் தாண்டி ஐந்து நிமிஷத்தில் ஆட்டோ எங்கள் ஊர் எல்லைக் கல்லில் நின்றது. அங்கிருந்து தலைச்சுமையாக நடந்தோம். உறுமி அடித்தார்கள், குலவை போட்டார்கள். கோயில் முன்னால் நாற்பத்திரண்டு பானையும் பொட்டு வைத்து, அடுப்பில் விறகு சொருகி, தீக்குச்சிக்குக் காத்திருந்தன.

சின்னச்சாமி குடத்தை வாங்கும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டார். "தரை தொட்டுச்சா?"

"தொடல."

"வேற கை பட்டுச்சா?"

ஒச்சம்மாள் என் கையைக் கிள்ளினாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, எங்கள் பெருமை அப்படியே இருக்கும். நான் சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"பட்டுச்சு. ஏலத்தோட்டத்துப் பொம்பளைக ஒம்பது பேரு. அதுல நாலு பேரு வேதக்காரக. அவுக இல்லேன்னா கொடம் இன்னும் மலையிலதான் இருக்கும்."

கூட்டத்தில் சலசலப்பு வந்தது. மேலத்தெருவிலிருந்து ஒருவர், "அப்ப அந்த வீட்டு உரிமை போச்சுல்ல?" என்று கேட்டார். இத்தனை வருஷம் காத்திருந்து கேட்ட குரல்.

சின்னச்சாமி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடத்தை வாங்கி அம்மன் பானையில் ஊற்றினார். "தண்ணி வந்துருச்சு. தீயப் போடுங்க," என்றார். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "மதினி, கொடந் தொட்ட கைக்குத்தான் மொதச் சோறு. எப்பவும் ரெண்டு பங்கு எடுப்போம். இந்த வருசம் பதினொண்ணு எடுக்கணும்."

"எடுத்து வையிங்க. நான் கொண்டுபோயிக் குடுக்கிறேன்."

புதன்கிழமை காலை ஐந்தரை மணி. தேவாரத்தில் ஏலத்தோட்ட ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் பொங்கல் தூக்குவாளியோடும் வாழையிலையோடும் நின்றேன். மழை விட்டிருந்தது. விடிந்து வர வர, மலையில் நாங்கள் நின்ற இடத்துக்குக் கீழே செக்கச்செவேலென்று ஒரு கோடு தெரிந்தது. கீழிருந்து பார்த்தால் ஒரு விரல் நீளம்தான். ரோடு திறந்துவிட்டதாக டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் உடனே இலையை வாங்கி நீட்டினார்கள். ஜெசிந்தா மட்டும் தள்ளி நின்றாள்.

"சாமிக்குப் படைச்சதுன்னா எங்க வீட்டுல கேள்வி வரும் ஆத்தா. கொடந் தூக்குன கூலின்னாக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

அம்மன் குடத்துக்குக் கூலி என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

"கூலின்னே வச்சுக்கத்தா," என்றேன்.

அவள் பங்கில் ஒரு கரண்டி கூடவே வைத்தேன். நின்றபடியே தின்றாள். "வெல்லம் கொஞ்சம் கம்மி," என்றாள்.

"கூலிக்கு இம்புட்டு வெல்லம் போதும்."

ஜீப் ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அடுத்த வருசம் அந்தப் பாதை சரியாயிருமா?"

"யாருக்குத் தெரியும்?"

"எதுக்கும் மொத நாளே சொல்லிவிடுங்க. நாங்க அங்கனதான இருக்கோம்."

ஜீப் மலையைப் பார்த்துப் போயிற்று. பாதையை எப்போது சீர்செய்வார்கள் என்று தெரியவில்லை, கருப்பையாவைக் கேட்டால் முகத்தைத் தூக்குகிறான். சரியானாலும் ஆகாவிட்டாலும், அடுத்த புரட்டாசிக்கு ஒன்பது வாழையிலை கூடுதலாக அறுக்க வேண்டும் என்று அன்றைக்கே ஒச்சம்மாளிடம் சொல்லிவிட்டேன்.